கணுக்காலில் ஏன் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள்? வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கால்களுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளில் கொழுப்பு படிந்து பாதை குறுகுவதையே புறத்தமனி நோய் என்கிறோம். இந்த நோயைப் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கைகளிலும் கணுக்கால்களிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடும் பரிசோதனையைப் பற்றியே கேட்டிருந்தன. எனவே அவற்றுக்கு மட்டும் இந்த இதழில் விடை தருகிறேன். இங்கே வரும் அழுத்த அளவுகள் எல்லாம், இதயம் சுருங்கும்போது பதிவாகும் ‘மேல் அளவு’ மட்டுமே. அவை மில்லிமீட்டர் பாதரசக் கணக்கில் தரப்பட்டுள்ளன.

கேள்வி: எனக்கு 58 வயது. பல ஆண்டுகளாக உயர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். புகைப்பழக்கம் இருந்தது, இப்போது இல்லை. வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது என்னைப் படுக்கவைத்து இரண்டு கைகளிலும் இரண்டு கணுக்கால்களிலும் அழுத்தம் பார்த்தார்கள். வலது கை 130, இடது கை 146. வலது காலில் 124, 118. இடது காலில் 152, 148 என்று சீட்டில் எழுதி, கீழே ‘வலது 0.85, இடது 1.04’ என்று குறித்திருக்கிறார்கள். வலது காலில் ரத்த ஓட்டம் குறைவு என்று மருத்துவர் சொல்கிறார். எனக்குக் கால்வலியே கிடையாது. இந்தக் கணக்கை நம்பலாமா?

பதில்: கணக்கு சரியாகவே போடப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு காலிலும் இரண்டு தமனிகளில் அழுத்தம் பார்ப்பார்கள்: உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் ஓடுவது ஒன்று, பாதத்தின் மேற்புறத்தில் ஓடுவது மற்றொன்று. இவ்விரண்டில் எது அதிகமோ அதுவே அந்தக் காலின் அளவு. அதை இரு கைகளில் எந்தக் கையின் அளவு அதிகமோ அந்த எண்ணால் வகுக்க வேண்டும். உங்கள் வலது காலுக்கு 124-ஐ 146-ஆல் வகுத்தால் 0.85, இடது காலுக்கு 152-ஐ 146-ஆல் வகுத்தால் 1.04. ‘கணுக்கால் - கை அழுத்த விகிதம்’ என்றும், சுருக்கமாக ஏ.பி.ஐ. என்றும் சொல்வது இந்த எண்ணைத்தான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வேலைப்பளு மிகுந்த இடங்களில் ஒரு கையில் மட்டும் அழுத்தம் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுவது நடக்கிறது. உங்களுக்கு அப்படி வலது கையை மட்டும் பார்த்திருந்தால், 124-ஐ 130-ஆல் வகுத்து 0.95 என்று எழுதியிருப்பார்கள். நோய் இருக்கும் கால், சந்தேகத்துக்கிடமான எல்லைக்கோட்டு வரிசைக்குப் போய்விட்டிருக்கும். இரு கைகளிலும் அளந்ததால்தான் சரியான எண் கிடைத்தது. உங்கள் இரு கைகளுக்கும் இடையே 16 வேறுபாடு இருப்பதும் தனியே பார்க்க வேண்டிய செய்தி. அதைக் கடைசிக் கேள்விக்கான பதிலில் சொல்கிறேன்.

ஆரோக்கியமான ஒருவர் மல்லாந்து படுத்திருக்கும்போது கணுக்காலில் மேல் அளவு கையில் இருப்பதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். இதயத்திலிருந்து கிளம்பும் நாடியலை, தமனிகள் கிளை பிரிந்து சிறுத்துப்போகும் இடங்களில் மோதி ஓரளவு திரும்பி வருவதால், தொலைவில் உள்ள தமனிகளில் அலையின் உச்சம் உயர்ந்துவிடுகிறது. ஆகவே 1.00 முதல் 1.40 வரை இயல்பான அளவு, 0.91 முதல் 0.99 வரை எல்லைக்கோடு, 0.90-உம் அதற்குக் கீழும் நோயைக் குறிக்கும், 1.40-ஐத் தாண்டினால் எண்ணையே நம்ப முடியாது. வழியில் எங்காவது பாதை கணிசமாக, சுமாராகச் சொன்னால் விட்டத்தில் பாதியளவுக்கு, குறுகினால்தான் ஓய்வு நிலையில் அழுத்தம் கண்ணில் படும்படி குறையும். அதனால் 0.90-க்குக் கீழே வந்த எண்ணைத் தள்ளிவிட முடியாது என்பது எவ்வளவு உண்மையோ, இயல்பான எண் வந்ததை வைத்துத் தமனி முழுக்கச் சுத்தமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது என்பதும் அவ்வளவு உண்மை.

வலியே இல்லையே என்கிறீர்கள். இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு, நடந்தால் கெண்டைக்கால் சதை பிடித்திழுத்து, நின்றால் சில நிமிடங்களில் விட்டுப்போகும் அந்தப் பாடப்புத்தக வலி இருப்பதில்லை. சிலருக்கு வலியே இராது. சிலருக்கு வெறும் அசதியாகத் தோன்றும். இன்னும் சிலர் தம்மை அறியாமலே நடையைக் குறைத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் நிற்காமல் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள், முன்பைவிட வேகம் குறைந்திருக்கிறதா என்று உங்களோடு நடப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். நோயாளியைவிட அவர்கள் சரியாகச் சொல்வார்கள் என்பது என் அனுபவம்.

காலை விடப் பெரிய கவலை வேறு இடத்தில் இருக்கிறது. கால் தமனியில் கொழுப்பு படிந்தவருக்கு இதயத் தமனியிலும் மூளைக்குச் செல்லும் தமனியிலும் அது படிந்திருக்க வாய்ப்பு அதிகம். 16 ஆய்வுகளில் பங்கேற்ற 48,000-க்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2008-இல் வெளியான பகுப்பாய்வில், 0.90-உம் அதற்குக் கீழும் இருந்தவர்களிடையே பத்தாண்டுகளில் ஏற்பட்ட இதயநோய் மரணங்கள், அதே இடர்நிலையில் இருந்த மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தன. எனவே உங்கள் 0.85 என்ற எண்ணுக்கு உடனடியாகக் கால் அறுவை தேவையில்லை. உங்கள் வலது காலின் குறைபாடு லேசானதுதான். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது, புகையிலைப் பக்கம் மறுபடி போகாமலிருப்பது, ஒழுங்கான நடைப்பயிற்சி ஆகியவை தேவை. ஆஸ்பிரின் போன்ற மருந்தை அறிகுறி இல்லாதவர் தாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ரத்தக்கசிவு அபாயத்தையும் எடைபோட்டு மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: வீட்டில் தானியங்கி ரத்த அழுத்தக் கருவி இருக்கிறது. அதன் பட்டையைக் கணுக்காலில் சுற்றி நானே இந்த விகிதத்தைப் பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம் என்பேன். அந்தக் கருவி ரத்த ஓட்டத்தின் ஒலியைக் கேட்பதில்லை. பட்டைக்குள் உண்டாகும் மெல்லிய அதிர்வை வைத்து, மேல்கைக்கென வகுத்த கணக்கின்படி அழுத்தத்தை ஊகிக்கிறது. கணுக்காலில் அழுத்தம் நன்றாகக் குறைந்திருக்கும்போதுதான் நமக்குத் துல்லியம் தேவை. அப்போதுதான் அது உண்மையைவிட உயர்ந்த எண்ணைக் காட்டும், அல்லது எண்ணே காட்டாமல் பிழை என்று நின்றுவிடும். இதற்கு உரிய முறை டாப்ளர் கருவிதான். பேனா போன்ற அதன் முனையைக் கூழ் தடவிய தோலின் மேல் சாய்வாக வைத்தால், தமனியில் ரத்தம் பாயும் ஓசை ‘உஷ், உஷ்’ என்று கேட்கும். கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே சுற்றிய பட்டையில் காற்றை ஏற்றி அந்த ஓசையை மறையவிட்டு, பிறகு மெதுவாகக் காற்றை இறக்கும்போது ஓசை மீண்டும் எழும் கணத்தில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். கைகளிலும் இதே முறையில்தான் அளக்க வேண்டும். சிலருக்குப் பாதத்தின் மேற்புறத் தமனி பிறவியிலேயே இருக்காது என்பதால், அங்கே ஓசை கேட்காததை மட்டும் வைத்து அடைப்பு என்று சொல்லிவிட மாட்டார்கள்.

உட்கார்ந்தபடி காலில் பட்டை சுற்றிப் பார்ப்பவர்கள் மற்றொரு தவறும் செய்கிறார்கள். இதயத்துக்குக் கீழே ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ 0.77 வீதம் அழுத்தம் கூடும். கணுக்கால் இதயத்துக்கு 80 சென்டிமீட்டர் கீழே தொங்கினால் 60-க்கும் மேல் தானாகவே ஏறிவிடும்; அடைபட்ட காலும் அப்போது நல்ல கால்போலத் தெரியும். அதனால்தான் மல்லாந்து படுத்து, 5 முதல் 10 நிமிடம் வரை ஓய்வெடுத்த பிறகு அளக்கிறார்கள். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் புகைபிடித்திருக்கக் கூடாது. பட்டையும் காலின் சுற்றளவுக்கு ஏற்ற அகலத்தில் இருக்க வேண்டும். குறுகிய பட்டை எண்ணை உயர்த்திக் காட்டும்.

கேள்வி: என் தந்தைக்கு 67 வயது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சர்க்கரை நோய் உண்டு, சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்கிறது. வலது கால் பெருவிரலில் வந்த புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. ஏ.பி.ஐ. பரிசோதனையில் 1.52 என்று வந்தது. ‘ஒன்றுக்கு மேல் இருக்கிறது, ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். புண் ஏன் ஆறவில்லை?

பதில்: அம்மா, இந்தக் கடிதத்தைப் படித்ததும் மற்ற கடிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு இதற்குத்தான் முதலில் விடை எழுதினேன். 1.52 என்பது நல்ல ரத்த ஓட்டத்தின் அடையாளம் அன்று. நீண்டகாலச் சர்க்கரை நோயிலும் சிறுநீரகப் பாதிப்பிலும் தமனிச் சுவரின் நடு அடுக்கில் கால்சியம் படிந்து, குழாய் விறைத்துப்போகிறது. பட்டையில் நிறையக் காற்றை ஏற்றினாலும் அந்தத் தமனி எளிதில் நசுங்காது. அப்படி விறைத்த குழாயில் ஓசை எப்போது மீண்டும் எழுகிறது என்று பார்த்து எழுதும் எண், உள்ளே இருக்கும் ரத்தத்தின் அழுத்தத்தைக் காட்டாமல் சுவரின் விறைப்பைத்தான் காட்டும். உள்ளே மோசமான அடைப்பு இருந்தாலும் விகிதம் உயர்ந்தே வரும். இன்னும் ஏமாற்றக்கூடிய நிலையும் உண்டு: அடைப்பு எண்ணைக் கீழே இழுக்க, விறைப்பு மேலே தள்ள, இரண்டும் சேர்ந்து 1.1 என்ற அழகான ‘இயல்பு’ எண்ணில் வந்து நிற்கும். சர்க்கரை நோயாளிகளிடம் நான் அதிகம் அஞ்சுவது 1.52-ஐ விட இந்த 1.1-ஐத்தான், முன்னதைப் பார்த்தால் சந்தேகமாவது வரும்.

கால்விரல்களில் ஓடும் சிறு தமனிகளை இந்த விறைப்பு பெரும்பாலும் விட்டுவைக்கிறது. ஆகவே பெருவிரலில், அங்கே புண் இருந்தால் பக்கத்து விரலில், சிறிய பட்டையைச் சுற்றி, ஒளி உணரியைக் கொண்டு அழுத்தத்தை அளக்க வேண்டும். அந்த அளவைக் கையின் அளவால் வகுத்து வரும் எண் 0.70-உம் அதற்குக் கீழும் இருந்தால் நோய் உண்டு. விகிதத்தைவிட நேரடி அளவு இன்னும் முக்கியம்: விரலில் அழுத்தம் 30-க்குக் கீழே இருந்தால், ரத்த ஓட்டத்தைச் சரிசெய்யாமல் புண் ஆறுவது மிகக் கடினம். டாப்ளர் ஓசையின் தன்மையும் உதவும். நல்ல தமனியில் ஒரு துடிப்புக்கு இரண்டு மூன்று பகுதிகளாகக் கேட்கும் ஓசை, அடைப்புக்குக் கீழே ஒரே இழுவையாக மங்கிவிடும். எண் எதுவானாலும் இந்த ஓசையைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

ஒரு மாதமாக ஆறாத விரல் புண்ணோடு காத்திருக்க வேண்டாம். இந்த வாரத்திலேயே ரத்தக்குழாய் அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். புண் கறுத்தாலோ, துர்நாற்றம் வந்தாலோ, பாதம் சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் கண்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்கு வலி தெரியாது. அதனால் வலியில்லை என்ற ஆறுதல் உங்கள் தந்தைக்குப் பொருந்தாது.

கேள்வி: சற்றுத் தொலைவு நடந்தால் இடது பிட்டமும் தொடையும் வலிக்கின்றன, நின்றால் சரியாகிவிடுகிறது. பரிசோதித்ததில் 1.02 வந்தது. ‘முதுகுத்தண்டுப் பிரச்சினையாக இருக்கும்’ என்கிறார்கள். இத்துடன் விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிட வேண்டாம். வயிற்றுக்குக் கீழே இடுப்புப் பகுதித் தமனியில் குறுகல் இருந்தால், ஓய்வில் இருக்கும் காலுக்குத் தேவையான ரத்தம் பக்கக் கிளைகள் வழியாக வந்து சேர்ந்துவிடும். எண் இயல்பாகவே இருக்கும். நடக்கும்போது தசைகளின் தேவை பல மடங்கு கூடும். அப்போதுதான் பற்றாக்குறை வெளிப்படும். எனவே நடைப்பொறியில் நடக்கவைத்து, இறங்கியவுடன் படுக்கவைத்து, ஒரு நிமிடத்துக்குள் மறுபடி அளக்க வேண்டும். விகிதம் 20 சதவீதத்துக்கு மேல் சரிந்தாலோ, கணுக்கால் அழுத்தம் 30-க்கு மேல் குறைந்தாலோ காரணம் தமனிதான். நடைப்பொறி இல்லாத இடத்தில் நின்றபடி குதிகால்களை 50 முறை வரை உயர்த்தித் தாழ்த்தச் சொல்லியும் பார்க்கலாம்.

முதுகுத்தண்டின் நரம்புப் பாதை குறுகினாலும் நடக்கும்போது வலி வரும். ஆனால் அந்த வலி வெறுமனே நின்றால் போகாது. உட்கார வேண்டும், அல்லது முன்னால் குனிய வேண்டும். உங்களுக்கு நின்றாலே போய்விடுகிறது என்பதால் தமனியின் மேல்தான் என் சந்தேகம் கூடுகிறது.

கேள்வி: எனக்கு 38 வயது, எந்த நோயும் இல்லை. வலியில்லாத, ஊசி போடாத பரிசோதனை என்றால் எல்லோருக்கும் ஆண்டுதோறும் செய்துவிடலாமே, ஏன் செய்வதில்லை?

பதில்: பரிசோதனையில் வலி இல்லை என்பது உண்மைதான், அதன் முடிவுக்குப் பின்னால் வருபவை அப்படி இருப்பதில்லை. நோய்க்கான வாய்ப்பே குறைவாக உள்ள வயதில் செய்தால், தவறாகக் குறைந்து வரும் எண்களின் பங்கு கூடும். அதைத் தொடர்ந்து ஸ்கேன், சாய ஊசி, தேவையற்ற மாத்திரை, பல நாள் கவலை. அறிகுறி இல்லாத பொதுமக்களுக்கு இதைச் செய்வதால் நன்மை அதிகமா, தீமை அதிகமா என்று முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை என்றே அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2018-இல் அறிவித்தது.

இதற்குப் பின்னணியாகச் சில ஆய்வுகள் இருக்கின்றன. பொதுமக்களிடையே அளந்து, குறைந்த விகிதம் உள்ளவர்கள் என்று கண்டறிந்த 3,350 பேரில் ஒரு பகுதியினருக்கு ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்த ஸ்காட்லாந்து ஆய்வு 2010-இல் வெளிவந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் அதனால் குறையவில்லை. மறுபுறம், டென்மார்க்கில் 65 முதல் 74 வயது வரையிலான ஏறத்தாழ 50,000 ஆண்களை வைத்து நடந்த, 2017-இல் வெளியான ஆய்வு, வயிற்றுப் பெருந்தமனி வீக்கம், கால் தமனி நோய், உயர் ரத்த அழுத்தம் ஆகிய மூன்றையும் சேர்த்துத் தேடிச் சிகிச்சை தந்தபோது ஐந்தாண்டு இறப்பு 7 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. இந்தப் பலனில் கணுக்கால் அளவீட்டின் பங்கு மட்டும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதே நாட்டில் இன்னும் விரிவான பரிசோதனைகளோடு நடந்து 2022-இல் வெளியான மற்றோர் ஆய்வில் இறப்பு குறைந்தது புள்ளியியல் உறுதிப்பாட்டை எட்டவில்லை.

ஆகவே என் கருத்து இதுதான்: கூட்டத்தைக் கூட்டி வரிசையாக அளப்பதைவிட, நோய் இருக்க வாய்ப்புள்ளவரைத் தேடி அளப்பது நல்லது. 65 வயதைக் கடந்தவர்கள். 50 முதல் 64 வயதுக்குள் புகையிலை, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு அல்லது குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்கள். 50-க்குக் கீழே என்றால் சர்க்கரை நோயோடு இன்னும் ஓர் இடர்க்காரணியும் சேர்ந்தவர்கள். ஏற்கெனவே இதயத்திலோ கழுத்துத் தமனியிலோ அடைப்பு உள்ளவர்கள். அமெரிக்க இதயநோய் அமைப்புகளின் வழிகாட்டுதலும் இவர்களுக்கு இதைச் செய்வது நியாயம் என்றே சொல்கிறது. இவர்களில் நீங்கள் இல்லை. நடந்தால் வரும் வலி, ஆறாத புண் போன்ற அறிகுறி உள்ளவர்களுக்கு இந்த வயது வரம்பு எதுவும் கிடையாது.

கேள்வி: என் இரு கைகளிலும் ரத்த அழுத்தம் 20 வரை வேறுபடுகிறது. எந்தக் கையின் எண்ணை எடுத்துக்கொள்வது?

பதில்: அதிகமாக உள்ள கையைத்தான், இனி எப்போதும் அந்தக் கையிலேயே பாருங்கள். குறைந்த கையை வைத்து மாத்திரையின் அளவை முடிவு செய்தால், உண்மையான உயர் ரத்த அழுத்தம் கவனிக்கப்படாமல் போகும். முதலில் வேறு ஒரு நாளில் இரு கைகளிலும் ஒரே சமயத்திலோ, உடனுக்குடனோ மீண்டும் அளந்து வேறுபாடு நிலையானதுதானா என்று பார்க்க வேண்டும். முதல் கையில் அளக்கும்போது இருந்த பதற்றம் இரண்டாவது கைக்கு வரும்போது தணிந்திருப்பதும் உண்டு. 15-உம் அதற்கு மேலும் நிலைத்து நின்றால், குறைந்த கைக்குச் செல்லும் தோள்பட்டைப் பகுதித் தமனியில் குறுகல் இருக்கலாம் என்று பொருள். அப்படிப்பட்டவர்களுக்குக் கால் தமனி நோயும் கூடுதலாகக் காணப்படுவதால், கணுக்கால் அளவையும் கேட்டு வாங்குவது நல்லது. முதல் கேள்வி கேட்ட 58 வயது வாசகருக்கும் இது பொருந்தும்: உங்கள் ரத்த அழுத்தம் 130 அன்று, 146, மாத்திரை போதுமா என்பதை அந்த எண்ணை வைத்து உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.